பாக்கெட்டுக்கு ஒரு நம்பர்: டிஜிட்டல் வரி முத்திரை பற்றிக் கடைக்காரர்கள் கேட்டவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. மளிகை மொத்த வியாபாரி, சிகரெட் சப்ளை எடுத்திருப்பவர், ஏற்காட்டில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் என்று பலரும் வருவார்கள். வரி ஏய்ப்பு அதிகம் நடக்கும் சரக்குகளுக்குப் பாக்கெட் பாக்கெட்டாக நம்பர் போட்டுப் பின்தொடரப் போகிறார்கள் என்ற பேச்சு 2025 மத்திய பட்ஜெட்டில் கிளம்பியது. அதிலிருந்து, ரிட்டன் வேலை முடிந்து எழுந்து போகிறவர்கள் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்காமல் போவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட பாணியிலேயே இருக்கின்றன.

வரி முத்திரைன்னா பத்திரத்துல இருக்கற ஸ்டாம்ப் மாதிரியா சார்?

குடும்பம் ஒன்று, வேலை வேறு. முத்திரைத்தாளும் ரெவின்யூ ஸ்டாம்பும் பத்திரத்துக்கும் ரசீதுக்கும் உரியவை. நாம் பேசும் வரி முத்திரை சரக்கின் மேலேயே ஒட்டுவது. "இந்தப் பாக்கெட்டுக்கு வரி கட்டியாயிற்று" என்று பார்த்தவுடனே சொல்வதுதான் அதன் வேலை. சிகரெட், மது மாதிரி வரி கனமாக விழும் சரக்குக்குத்தான் பெரும்பாலான நாடுகள் இதை வைத்திருக்கின்றன.

நமக்கு இது புதிதும் இல்லை. 1934-ல் வெள்ளைக்காரன் காலத்தில் தீப்பெட்டிக்கு ஆயத்தீர்வை போட்டபோது, பெட்டியில் ஒரு காகிதப் பட்டை ஒட்ட வேண்டும் என்றார்கள். பேண்ட்ரோல் என்று பெயர். அந்தப் பட்டையின் பேரன்தான் இப்போது வருவது.

டிஜிட்டல்னா ஸ்டிக்கரே இருக்காதா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சில நாடுகளில் பாதுகாப்பு மையில் அச்சிட்ட காகிதத்தின் மேல் க்யூஆர் கோடு இருக்கும். சில இடங்களில் தொழிற்சாலையிலேயே பாக்கெட் மேல் நேராக அந்தக் க்யூஆர் கோடையே அச்சடித்துவிடுவார்கள். காகிதம் இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயமில்லை. பழைய முத்திரையில் லட்சம் ஸ்டாம்பும் ஒரே மாதிரி. டிஜிட்டலில் ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர். ஒன்றின் நம்பர் இன்னொன்றுக்கு வராது.

வெள்ளிக் கொலுசு ஊரில் இருந்துகொண்டு இதற்கு உதாரணம் வேறெங்கே தேடுவது? தங்க நகையில் ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி ஒன்று இருக்கிறதே, எச்யூஐடி என்று, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் கடையில் தங்க நகை விற்க முடியாது. போனில் அந்தக் குறியைத் தட்டினால் எந்த நகை, எந்த மையத்தில் சோதித்தது என்று வந்துவிடும். அதே யோசனையை இருபது சிகரெட் உள்ள பாக்கெட்டுக்குக் கொண்டு வருகிறார்கள்.

அந்த நம்பர் எங்க பொறக்குது, எங்க சாகுது?

நல்லாக் கேட்டார் இதைக் கேட்டவர். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நம்பரை உருவாக்குவது அரசோ, அரசு நியமித்தவரோ. 1, 2, 3 என்று வரிசையாக வராது. அடுத்தது என்ன என்று யாரும் ஊகிக்க முடியாதபடி தாறுமாறாக இருக்கும். தயாரிப்பாளர் தனக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டு வாங்குவார். வாங்கியவுடன் அந்த நம்பருக்கு உயிர் கிடையாது. தொழிற்சாலை லைனில் பாக்கெட் ஓடும்போது மேலே இருக்கும் கேமரா ஒவ்வொன்றையும் படிக்கும். "இந்த நம்பர் இந்த நாளில், இந்த மெஷினில், இந்தச் சரக்கின் மேல் ஏறியது" என்று பதிவாகும்போதுதான் உயிர் வரும். அன்றைக்கு எத்தனை பாக்கெட் ஓடியது என்ற கணக்கு அந்த நிமிடமே அரசிடம் போய்விடுகிறது. மாதக் கடைசியில் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கை மட்டும் நம்பிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

அப்புறம் தாய்-பிள்ளை கணக்கு. பத்துப் பாக்கெட் சேர்ந்த பண்டலுக்கு ஒரு நம்பர், பண்டல்கள் அடுக்கிய பெரிய அட்டைப்பெட்டிக்கு ஒரு நம்பர். பெட்டியை ஒரு தடவை ஸ்கேன் செய்தாலே உள்ளே இருக்கும் அத்தனை பாக்கெட்டும் யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது என்று பதிவாகிவிடும். சில்லறைக் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும், அல்லது பில் போட்டு விற்றதும், நம்பரின் பயணம் முடிந்தது. பல நாடுகளில் சில்லறைக் கடைக்கு முந்தைய கையோடு கண்காணிப்பு நின்றுவிடும். பெட்டிக்கடைக்காரர் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஸ்கேன் செய்து விற்க வேண்டும் என்று எல்லா நாடும் கேட்பதில்லை.

இ-வே பில், இ-இன்வாய்ஸ்னு ஏற்கெனவே உயிரை எடுக்கறாங்க. இது வேற எதுக்குங்க?

இ-வே பில் என்பது சரக்கு வண்டியோடு போகும் சீட்டு, இ-இன்வாய்ஸ் அரசுத் தளத்தில் பதியும் பில். அவை வண்டியையும் பில்லையும் பற்றிப் பேசுகின்றன. "சிகரெட், இத்தனை பெட்டி, இவ்வளவு மதிப்பு" என்று இ-வே பில் சொல்லும். எந்தப் பெட்டி என்று சொல்லாது. ஒரே பில்லை வைத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு லோடு அடிக்கும் வித்தை லாரி ஆபீஸ் பக்கம் போகிற யாருக்கும் தெரியும். தொப்பூர் கணவாயில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் பில் சரியாகத்தான் இருக்கும்.

பெட்டிக்கு நம்பர் இருந்தால் இந்த வித்தை எடுபடாது. பில்லில் உள்ள பெட்டி காலையிலேயே இறங்கிவிட்டது, வண்டியில் இருப்பது வேறு பெட்டி என்று ஸ்கேனர் காட்டிவிடும். பில்லே இல்லாமல் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் சரக்குக்கோ இ-வே பில்லில் மருந்தே கிடையாது. அதைப் பிடிக்க லைனில் இருக்கும் கேமராதான் வேண்டும்.

நம்ம நாட்ல இது சட்டமாவே வந்துருச்சா, இல்ல பேச்சுதானா?

சட்டத்தில் இடம் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. 2025 நிதிச் சட்டம் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தில் 148ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதில் சொல்லும் தனித்த அடையாளக் குறிக்கான விளக்கத்திலேயே டிஜிட்டல் முத்திரை என்ற சொல் இருக்கிறது. அது தனித்ததாக, பாதுகாப்பானதாக, பிரிக்க முடியாததாக இருக்க வேண்டும்.

எந்தச் சரக்குக்கு, யாருக்கு என்பதைக் கவுன்சில் பரிந்துரையின் பேரில் அறிவிக்கை போட்டுச் சொல்வார்கள். அறிவிக்கையில் உங்கள் சரக்கு இருந்தால்தான் உங்களுக்குப் பொருந்தும். வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்துப் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் என்றால் குறியை ஒட்டுவதோடு, மெஷின் என்ன, எவ்வளவு திறன், எத்தனை நேரம் ஓடியது என்ற விவரமும் கொடுக்க வேண்டிவரும். மீறினால் 122பி பிரிவில் அபராதம்: 1 லட்சம் ரூபாய் அல்லது அந்தச் சரக்குக்கான வரியில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது.

அப்போ டாஸ்மாக் பாட்டில் மூடி மேல பளபளன்னு ஒட்டியிருக்கறது?

அது மாநில அரசின் முத்திரை. குடிக்கும் மது ஜிஎஸ்டிக்குள் வராது. ஆயத்தீர்வையும் விற்பனை வரியும் மாநிலத்துடையவை. அதனால் 148ஏ-க்கும் அந்த ஹாலோகிராமுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் யோசனை ஒன்றேதான். ஹாலோகிராம் மட்டும் இருந்தால் "அசல் மாதிரி தெரிகிறது" என்பதோடு சரி. பாட்டிலுக்குத் தனி நம்பர் வந்து கடையில் ஸ்கேன் செய்து பில் போட்டால்தான், இந்தப் பாட்டில் எந்த ஆலையில் இருந்து எந்தக் கிடங்கு வழியாக எந்தக் கடைக்கு வந்தது என்று தெரியும்.

பாட்டில்ல பத்து ரூபாய்க்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டறாங்களே, அதுவும் வரிதானா?

இல்லை. அது காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம், 2022-ல் நீலகிரியில் தொடங்கியது. கூடுதலாக வாங்கும் 10 ரூபாய் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் உங்களுக்கே வந்துவிடும். காட்டில் யானைக் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்பதற்காக வந்த ஸ்டிக்கர் அது.

க்யூஆர் கோடை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிட்டா என்ன பண்ணுவாங்க?

இதைக் கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஒரு அசல் பாக்கெட்டின் கோடை ஆயிரம் போலிப் பாக்கெட்டில் அச்சடித்தால், ஸ்கேன் செய்கிற ஒவ்வொருவருக்கும் "அசல்" என்றுதானே வரும்?

முதல் ஆளுக்கு வரும். ஆனால் அதே நம்பரை ஒரே நேரத்தில் சேலத்தில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் ஸ்கேன் செய்தால், ஒரு பாக்கெட் இரண்டு ஊரில் இருக்க முடியாது என்று சர்வருக்குத் தெரியும். ஏற்கெனவே விற்றுமுடிந்ததாகப் பதிவான நம்பர் மறுபடி எழுந்து வந்தாலும் தெரியும். ஆனால் யாராவது ஸ்கேன் செய்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஸ்கேன் செய்யாத ஊரில் டிஜிட்டல் முத்திரை வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டம். அதனால்தான் கோடை மட்டும் நம்பாமல், முத்திரையின் பொருளிலும் பாதுகாப்பு வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சிகரெட் பாக்கெட்டில் குறைந்தது ஐந்து பாதுகாப்பு அம்சங்கள் வேண்டும். சில கண்ணுக்கே தெரியும்; சிலவற்றுக்குச் சாதாரணக் கருவி போதும்; சிலவற்றை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். ஒன்றாவது சிகரெட் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

வெறும் அச்சை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, போலி முத்திரைத்தாள் அச்சடித்து விற்ற தெல்கியின் மோசடியே போதும். எந்தத் தாளுக்கும், தான் யாருக்கு விற்கப்பட்டது என்று சொல்ல வாய் இல்லை. அதனால் போலி பல வருடம் ஓடியது.

காலி பாட்டில்ல முத்திரை அப்படியே இருக்கு. மறுபடி ஊத்தி வித்தா?

முத்திரையை மூடிக்கும் கழுத்துக்கும் குறுக்கே ஒட்டுவதே இதற்காகத்தான்; திறந்தால் கிழிய வேண்டும். கிழியாமல் கழன்று வருகிறது என்றால் அது மோசமான முத்திரை. நம்பர் கணக்கில் செத்துப்போயிருந்தால் முந்தைய பதிலில் சொன்னபடி அதுவும் காட்டிக்கொடுக்கும்.

ஏற்காட்ல டவரே கிடைக்க மாட்டேங்குது. ஸ்கேன் எப்படிப் பண்றது?

போன மே மாதம் கோடை விழாவுக்குப் போகிற வழியில், மருந்து அட்டை ஒன்றின் பின்னால் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்தேன். 2023 ஆகஸ்டிலிருந்து 300 முன்னணி மருந்து பிராண்டுகளில் அந்தக் கோடு கட்டாயம். அடிவாரத்தில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் பளிச்சென்று வந்தது. பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் ஓரமாக நிறுத்தி அதே அட்டையை எடுத்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்ததும் கிளம்பிவிட்டேன்.

கோடு இரண்டு விதம். சில விவரங்களைக் கோட்டுக்குள்ளேயே எழுதி வைத்தால் நெட் இல்லாமலே படிக்கலாம். இந்த நம்பர் ஏற்கெனவே வேறெங்காவது ஸ்கேன் ஆனதா என்பது மட்டும் சர்வரைக் கேட்டால்தான் தெரியும். அதிகாரிகளின் கருவிகள் படித்ததைச் சேமித்து வைத்து, டவர் கிடைத்ததும் அனுப்பும்படி இருக்கலாம். கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் மலை மேல் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் அம்சங்கள்தான் கை கொடுக்கும். அவை இல்லாத வெறும் கோடு மலைக்கு உதவாது என்பது என் கட்சி.

என் கடைக்குத் திருட்டு பாக்கெட் வந்தா எனக்கு எப்படிங்க தெரியும்?

இதற்கு டிஜிட்டல் முத்திரை வரை போக வேண்டியதில்லை. ஏற்காட்டுக் கடைக்காரர் ஒருவர் ஒரு பாக்கெட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "சார், மலிவா வந்துச்சு, ஆனா மனசு ஒப்பல" என்றார். மெல்லிசான நீளப் பாக்கெட், தங்க நிற எழுத்து, கமகமவென்று ஏலக்காய் வாசனை. புற்றுநோய்ப் படம் இல்லை. விலை இல்லை. யார் தயாரித்தது, எந்த மாதம் என்ற வரியும் இல்லை. அடியில் இருந்த ஒரு சின்ன க்யூஆர் கோடு மட்டும் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது.

2016 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் சிகரெட் பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது. சுரண்டப்பட்ட இடத்தைப் பற்றி அவர் கேட்டார். தாய்-பிள்ளை கணக்கு என்று மேலே சொன்னேனே, அது இருக்கும் நாட்டில் அந்தக் கோடுதான் எந்த டீலர் கையிலிருந்து சரக்கு நழுவியது என்று சொல்லும். அதனால்தான் முதலில் அதைச் சுரண்டுகிறார்கள். சுரண்டிய முத்திரை உள்ள சரக்கை, முத்திரையே இல்லாத சரக்கைவிட மோசமானதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

வேற நாட்டு முத்திரை ஒட்டியிருக்கு. வரி கட்டின சரக்குதானே?

அந்த நாட்டுக்குக் கட்டியது. நமக்கு இல்லை.

நாங்க ஒண்ணு ரெண்டா உதிரியா விக்கறோம். அதுக்கு என்ன முத்திரை?

ஒன்றும் இல்லை. முத்திரை பாக்கெட் வரைக்கும்தான். பாக்கெட்டைப் பிரித்துக் கண்ணாடிக் குடுவையில் போட்டுவிட்டால் எது வரி கட்டியது, எது கட்டாதது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. கயிற்று நெருப்பில் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு போகிறவர் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. உதிரி விற்பனை இருக்கும்வரை வாங்குகிறவர் ஸ்கேன் செய்து பிடிப்பார் என்று நம்புவது வீண். நம் ஊரில் இந்த முறையின் பலம் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து மொத்த வியாபாரி வரைக்கும்தான்.

பீடிக்கும் வருமா?

பீடி வீட்டுத் திண்ணையில் கையால் சுற்றுவது, லைனும் கேமராவும் அங்கே இல்லை. சுற்றிய பீடி கம்பெனிக்கு வந்து லேபிள் ஒட்டும் இடத்தில்தான் முத்திரை போட முடியும். புகையிலைச் சட்டவிரோத வணிகத்துக்கு எதிரான உலகளாவிய நெறிமுறை சியோலில் 2012-ல் ஏற்கப்பட்டது, 2018-ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அதிலேயே இத்தகைய அடையாளக் குறியைக் கொண்டுவர சிகரெட்டுக்கு 5 வருடம், மற்றப் புகையிலைப் பொருளுக்கு 10 வருடம் என்று அவகாசத்தைப் பிரித்துத்தான் கொடுத்தார்கள்.

இது வந்தா கள்ளச்சாராயம், குட்கா எல்லாம் நின்னுருமா?

நிற்காது. முத்திரை என்பது சட்டப்படி தயாராகும் சரக்குக்கு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்தச் சாராயம் பாலிதீன் பாக்கெட்டில் வந்தது. அதில் லேபிளே இல்லை, எந்த நம்பரை ஸ்கேன் செய்வது? குட்கா தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. தடை செய்த சரக்குக்கு இங்கே முத்திரை கிடையாது. அது போலீஸ், உணவுப் பாதுகாப்புத் துறை வேலை. டிஜிட்டல் முத்திரையை எல்லா நோய்க்கும் மருந்தாக யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

கம்பெனிக்காரங்களே நம்பர் போட்டுக்கட்டுமே. அரசாங்கம் எதுக்கு நடுவுல?

எடைத்தராசுக்கு முத்திரை வைப்பதைக் கடைக்காரரிடமே விடலாமா? கடந்த காலத்தில் கடத்தல் சிகரெட்டாகப் பிடிபட்டதில் கணிசமானது போலி இல்லை, கம்பெனி தயாரித்த அசல் சரக்கேதான். வரி மட்டும்தான் போலி. அதனால் மேலே சொன்ன நெறிமுறை, அரசு செய்ய வேண்டிய கடமையைப் புகையிலைக் கம்பெனி செய்யவோ அதனிடம் ஒப்படைக்கவோ கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. உலகின் பெரிய சிகரெட் கம்பெனி ஒன்று தானே கண்டுபிடித்த குறியீட்டு முறையைப் பல அரசுகளுக்குக் கொடுக்க முன்வந்தபோது எதிர்ப்பு கிளம்பியதும் இதனால்தான்.

செலவு கடைசில யார் தலைல?

முதலில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் தலையில். 148ஏ பிரிவிலேயே இந்த ஏற்பாட்டுக்கான தொகையைச் செலுத்த வேண்டும் என்று இருக்கிறது. அப்புறம் விலையில் ஏறி நம் தலைக்கு வரும், வழக்கம்போல.

ஒரு சிகரெட் பாக்கெட்டின் வரியோடு ஒப்பிட்டால் முத்திரைச் செலவு சொற்பம். மலிவான சரக்கில்தான் இடிக்கும். பிரேசில் சிகரெட்டுக்குச் செய்ததைக் குளிர்பானம், பீர் பாட்டில்களுக்கும் கொண்டுபோனது. செலவு கட்டுபடியாகவில்லை என்ற சண்டையில் 2016 கடைசியில் பானங்களுக்கான ஏற்பாட்டை அணைத்துவிட்டார்கள். கென்யா 2013-ல் சிகரெட், மதுவில் தொடங்கி 2019-ல் தண்ணீர் பாட்டில் வரை போனது. தண்ணீர் பாட்டிலுக்கு முத்திரை என்பது எனக்கு அதிகப்படியாகத்தான் படுகிறது.

வரியைக் கொறச்சுட்டா கடத்தலே நின்னுருமில்ல?

கம்பெனிகளும் இதைத்தான் சொல்கின்றன. விலை வித்தியாசம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டன் 2000-ல் கடத்தலுக்கு எதிராக இறங்கியபோது அங்கே கள்ளச் சிகரெட் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வரியைக் குறைக்கவில்லை, ஏற்றிக்கொண்டே போனார்கள்; சோதனையையும் தண்டனையையும் கூட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பங்கு ஏறக்குறைய பாதியானது.

வரியைப் பற்றிப் பேசும்போது சேலத்துக்காரர் ஒன்றை மறக்கக் கூடாது. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் மாவட்டத்தில்தான். அதில் போன வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. நீங்கள் மாதாமாதம் என்னிடம் வந்து போடும் ரிட்டனுக்குப் பூட்டன் அந்த வரி.

முத்திரை இல்லாத பழைய ஸ்டாக் கடைல கெடக்கே, அதை என்ன பண்றது?

மற்ற நாடுகளில் அவகாசம் கொடுத்த உதாரணம் உண்டு. ஐரோப்பாவில் 2019 மே 20-ல் சிகரெட்டுக்குத் தொடங்கியபோது, அதற்கு முன் தயாரான சரக்கை 2020 மே 20 வரை விற்கவிட்டார்கள். இங்கே எவ்வளவு என்பது அறிவிக்கையில் வரும். அவகாசம் இருந்தாலும் இது பழைய சரக்குதான் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். அதனால் வாங்கிய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்; தயாரித்த மாதம் வாரியாகச் சரக்கைப் பிரித்து அடுக்குங்கள்; அறிவிக்கை வரும் நாளில் எத்தனை பெட்டி இருந்தது என்று எண்ணி எழுதி, போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

இதைக் கேட்ட ஏற்காட்டுக்காரர் என் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரின் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் இதையெல்லாம் குறித்துக்கொண்டார். அப்புறம் அந்த மெல்லிசுப் பாக்கெட்டை மறுபடி கைக்குட்டையில் சுற்றி, "இதைக் கொண்டுவந்தவன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன் சார்" என்றார். கொடுக்க வேண்டாம், எந்த நாளில் யார் கொண்டுவந்தார்கள் என்று அதே தாளில் எழுதுங்கள் என்றேன்.